95 சதவீதம் சுத்தம் என்றால் என்ன அர்த்தம்?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த வாரம் கோடிங் பத்திப் பேசப் போறதில்லை. ஒரு சின்ன ட்யூபுக்குள் இருக்கும் புரதத்தைப் பத்திப் பேசப் போறோம். ஆனா கடைசியில் நான் எப்படியும் கோடிங்கில்தான் வந்து நிற்பேன். பழகிட்டீங்க, பொறுத்துக்கோங்க.

என் அக்கா உயிரியலில் பி.எச்.டி. பண்ணிக்கிட்டிருக்கா. இது நாலாவது வருஷம். போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃபோன் பண்ணினாள். எடுத்த உடனே கேட்ட கேள்வி: "டேய், ஒரு பக்கை அதிகபட்சம் எத்தனை நாள் தேடியிருக்க?"

"மூணு வாரம்" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே.

"எனக்கு ஏழு மாசம்" என்றாள்.

அந்த ஏழு மாசத்தின் கதைதான் இன்றைக்கு. அக்காவுடைய லேப் எது, புரதம் எது, விற்ற கம்பெனி எது என்று சொல்லப் போவதில்லை. கதையை முழுசா கேட்டீங்கன்னா, யாருமே தப்பு பண்ணலைன்னு உங்களுக்கே தெரியும். எனக்குத் தூக்கம் போனதே அதனாலதான்.

முதலில் அந்த ட்யூப். சுண்டு விரல் நுனி அளவு பிளாஸ்டிக் ட்யூப். உள்ளே 50 மைக்ரோகிராம் மனிதப் புரதம். ஒரு சர்க்கரைத் துகளைப் பத்து துண்டாக உடைத்தால், அதில் ஒரு துண்டின் எடை. திறந்து பார்த்தால் காலியாகத்தான் தெரியும். விலை? என் ஒரு மாத வீட்டு வாடகையை விட அதிகம். லேபிளில் இப்படி இருக்கும்: 'ரீகாம்பினன்ட் ஹியூமன்', அப்புறம் புரதத்தின் பெயர், '95 சதவீதத்துக்கு மேல் தூய்மை', 'ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும்'.

மனிதப் புரதம் என்றதும், யாரோ ஒரு மனிதரின் ரத்தத்திலிருந்து எடுத்தது என்று நினைச்சுக்காதீங்க. நானும் அப்படித்தான் நினைத்தேன். ரீகாம்பினன்ட் என்றால், அந்தப் புரதத்துக்கான ஜீனை வேறொரு உயிரினத்துக்குள் வைத்து, அதைச் செய்ய வைப்பது. பெரும்பாலும் அந்த உயிரினம் ஈ. கோலை பாக்டீரியா. 1978ல் இந்த முறையில்தான் பாக்டீரியாவுக்குள் மனித இன்சுலினை உண்டாக்கினார்கள். 1982ல் அது அமெரிக்காவில் மருந்தாக அனுமதி வாங்கியது. அதற்கு முன்னால் சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொண்ட இன்சுலின் மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுத்தது.

செய்முறை கேட்க எளிமைதான். ஜீனை ஒரு வட்ட வடிவ டி.என்.ஏ.வில் ஒட்டி பாக்டீரியாவுக்குள் அனுப்புகிறார்கள். பாக்டீரியாவை ஃபிளாஸ்க்கில் கோடிக்கணக்கில் வளர்க்கிறார்கள். ஒரு ரசாயனத்தைச் சேர்த்து 'இப்போ செய்' என்று சிக்னல் கொடுக்கிறார்கள். சில மணி நேரம் கழித்து பாக்டீரியாவை உடைக்கிறார்கள். இப்போது கையில் இருப்பது ஒரு கூழ். அதில் நமக்கு வேண்டிய புரதமும் இருக்கு, பாக்டீரியாவின் சொந்தப் புரதங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கு, அதன் டி.என்.ஏ., தோல், எல்லாமே இருக்கு.

அதிலிருந்து நம்முடையதை மட்டும் பிரிக்க ஒரு தந்திரம் உண்டு. ஜீனை வடிவமைக்கும்போதே புரதத்தின் முனையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை வரிசையாக ஆறு முறை சேர்த்துவிடுவார்கள். ஹிஸ்டிடினுக்கு நிக்கல் என்றால் ஒட்டிக்கொள்ளும் குணம். கூழை நிக்கல் பூசிய மணிகள் நிரம்பிய குழாய் வழியாக விட்டால், வால் வைத்த நம்ம புரதம் ஒட்டிக்கொண்டு நிற்கும். மற்றதெல்லாம் கழுவிப் போகும். அப்புறம் இமிடசோல் என்ற கரைசலை ஊற்றினால் நம்ம ஆள் கழன்று வெளியே வருவார்.

சுத்தமாச்சா என்று எப்படிப் பார்ப்பது? ஒரு ஜெல்லில் ஓட்டி, நீலச் சாயம் போட்டுப் பார்ப்பார்கள். ஒரே ஒரு நீலக் கோடு தடிமனாகத் தெரிந்தால் சந்தோஷம். அந்தக் கோடு மொத்த நீலத்தில் எத்தனை பங்கு என்று கணக்குப் போட்டால் வருவதுதான் பெரும்பாலும் லேபிளில் இருக்கும் 95. இந்த நீலச் சாயத்தை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. திரும்பி வருவேன்.

இப்போ அக்காவின் வேலை. நம் உடம்பில் மேக்ரோஃபேஜ் என்று ஒரு வகை நோய் எதிர்ப்பு செல் இருக்கு. கிருமியைப் பார்த்தால் விழுங்கும், கூடவே டி.என்.எஃப். என்ற புரதத்தை வெளியே விட்டு அலாரம் அடிக்கும். அக்கா ஆராயும் மனிதப் புரதம் இந்த அலாரத்தை அடிக்க வைக்குமா என்பதுதான் கேள்வி. ட்யூபைத் திறந்தாள், கரைத்தாள், ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்ற கணக்கில் செல்கள் மேல் விட்டாள். டி.என்.எஃப். எகிறியது. மறுபடி செய்தாள், மறுபடி எகிறியது. மூணாவது முறையும் அப்படியே.

அக்கா சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஒரு கன்ட்ரோலும் வைத்திருந்தாள். புரதத்தைக் கொதிக்க வைத்துவிட்டுச் செல்கள் மேல் விட்டாள். கொதிக்க வைத்தால் புரதம் முட்டை வெந்த மாதிரி உருமாறிப் போகும், வேலை செய்யாது. டி.என்.எஃப். வரவில்லை. ஆக, அலாரம் அடித்தது புரதம்தான். ஒரு மாநாட்டுக்கு அப்ஸ்ட்ராக்ட் அனுப்பினார்கள். வீட்டில் அம்மா பாயசம் வைத்தார்கள். எதற்கு என்று அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

ட்யூப் தீர்ந்தது. அதே கம்பெனி, அதே கேட்டலாக் நம்பர், புது லாட். செல்கள் மேல் விட்டால் ஒன்றுமே இல்லை. அலாரமும் இல்லை, அசைவும் இல்லை.

எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "புது லாட் கெட்டுப்போச்சு." கூரியர்ல ஐஸ் உருகியிருக்கும். கரன்ட் போனப்போ ஃபிரீசர் சூடாகியிருக்கும். நீ கரைச்ச விதம் சரியில்லை. அக்கா ஒவ்வொன்றாகத் தேடினாள். செல்லை மாற்றினாள், பஃபரை மாற்றினாள், ராத்திரி பதினொன்றுக்கு லேபில் நின்றாள். கம்பெனிக்கு மெயில் போட்டாள், அவர்களும் மரியாதையாக இன்னொரு ட்யூபை இலவசமாக அனுப்பினார்கள். அதுவும் வேலை செய்யவில்லை. இப்படியே ஏழு மாசம்.

ஏழு மாசமும் கேட்ட கேள்வி: புது லாட்டுக்கு என்ன ஆச்சு? பழைய லாட்டுக்கு என்ன ஆச்சு என்று யாருக்குமே கேட்கத் தோன்றவில்லை. வேலை செய்த ஒன்றை யார் சந்தேகப்படுவார்?

இங்கே ஒரு சின்ன நிறுத்தம். நீலச் சாயத்துக்குத் திரும்பலாம்.

ஈ. கோலையின் வெளித்தோலில் எல்.பி.எஸ். என்று ஒரு பொருள் இருக்கு. லிப்போபாலிசாக்கரைடு. கொழுப்பும் சர்க்கரைச் சங்கிலியும் சேர்ந்தது. இன்னொரு பெயர் எண்டோடாக்சின். நம் நோய் எதிர்ப்பு செல்களுக்கு இதைப் போல ஆத்திரம் மூட்டும் பொருட்கள் ரொம்பக் குறைவு. ஒரு மில்லிலிட்டரில் சில பத்து பிக்கோகிராம் இருந்தாலே போதும், அலாரம் அடிக்கும். பிக்கோகிராம் என்றால் ஒரு மைக்ரோகிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இதை உணரும் ரிசெப்டரின் பெயர் டி.எல்.ஆர்.4. 1998ல் இதைக் கண்டுபிடித்ததற்காக புரூஸ் பாய்ட்லருக்கு 2011 நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

பாக்டீரியாவை உடைத்தபோது இந்த எல்.பி.எஸ். கூழில் கலக்கிறது. சில புரதங்களோடு நன்றாக ஒட்டிக்கொண்டு, நிக்கல் குழாய் தாண்டியும் கூடவே வரும். இப்போ கேள்வி: ஜெல்லில் நீலச் சாயம் போட்டால் அது தெரியுமா?

தெரியாது. அந்தச் சாயம் பிடிப்பது புரதத்தை. எல்.பி.எஸ். புரதமே இல்லை. அதாவது அது மீதி 5 சதவீதத்தில் ஒளிந்திருக்கவில்லை. அந்தக் கணக்குக்குள்ளேயே வராத ஆள். '95 சதவீதம் தூய்மை' என்பதன் அர்த்தம், 'இதில் உள்ள புரதங்களில் 95 சதவீதம் நீங்க கேட்ட புரதம்' என்பது. லேபிள் பொய் சொல்லவில்லை. நாம் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இது அக்காவுக்கு மட்டும் நடந்தது என்று நினைச்சீங்கன்னா, இன்னும் பெரிய கதை ஒன்று இருக்கு.

எச்.எஸ்.பி.70 என்று ஒரு மனிதப் புரதம். வெப்ப அதிர்ச்சிப் புரதம் என்பார்கள். செல் சூட்டிலோ வேறு நெருக்கடியிலோ மாட்டும்போது, மற்ற புரதங்கள் உருக்குலையாமல் தாங்கிப் பிடிப்பது இதன் வேலை. 1994ல் பாலி மாட்ஸிங்கர் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்: நோய் எதிர்ப்பு மண்டலம் 'இது அந்நியமா' என்று மட்டும் பார்ப்பதில்லை, 'இங்கே ஆபத்தா' என்று பார்க்கிறது. அப்படியானால் ஆபத்துச் சிக்னல் எது? சாகிற செல்லிலிருந்து வெளியே கொட்டும் எச்.எஸ்.பி.70, எச்.எஸ்.பி.60 மாதிரிப் புரதங்களாக இருக்கலாமே! ரொம்ப அழகான யோசனை. 2000ல் ஆய்வுகள் வந்தன. ரீகாம்பினன்ட் மனித எச்.எஸ்.பி.70ஐ நோய் எதிர்ப்பு செல்கள் மேல் விட்டால் டி.என்.எஃப். வருகிறது. எச்.எஸ்.பி.60 கொடுத்தால் சாதாரண எலியின் மேக்ரோஃபேஜ் அலாரம் அடிக்கிறது, டி.எல்.ஆர்.4 பழுதான எலியின் மேக்ரோஃபேஜ் அடிக்கவில்லை. ஆக, அதன் ரிசெப்டர் டி.எல்.ஆர்.4தான் என்று முடிவு.

ஒரு நிமிஷம் நின்னு யோசிங்க. எல்.பி.எஸ்.ஸின் ரிசெப்டரும் அதே டி.எல்.ஆர்.4தான். கலந்திருக்கும் எல்.பி.எஸ். வேலை செய்தாலும் இதே ரிசல்ட்தான் வரும். சோதனை பாஸ் ஆகுது, ஆனா எந்தக் காரணத்தால் பாஸ் ஆகுதுன்னு அது சொல்லாது. அவர்களுக்கும் சந்தேகம் இல்லாமல் இல்லை. கொதிக்க வைத்துப் பார்த்தார்கள். எல்.பி.எஸ். சூட்டுக்கு அசராது. கண்ணாடிப் பாத்திரத்தில் அதை அழிக்க வேண்டுமானால் 250 டிகிரியில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். கொதிக்க வைத்ததும் அலாரம் நின்றதால், அது புரதம்தான் என்று நம்பினார்கள். அக்காவும் வைத்தது இதே கன்ட்ரோல்.

2003ல் வாஷிங்டனில் உள்ள, முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவ மையத்தைச் சேர்ந்த பாவோசோங் காவ், மின்-ஃபு ட்சான் என்ற இருவர் ஒரு நேரடியான வேலை செய்தார்கள். ரீகாம்பினன்ட் மனித எச்.எஸ்.பி.70 இரண்டு தயாரிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றில் ஒரு மைக்ரோகிராம் புரதத்துக்கு 1.4 பிக்கோகிராம் எல்.பி.எஸ். இன்னொன்றில் 200 பிக்கோகிராம். ஜெல்லில் இரண்டும் ஒரே மாதிரி. புரதத்தின் வழக்கமான வேலையைக் கொடுத்துப் பார்த்தாலும் இரண்டும் ஒரே மாதிரி செய்தன. ஆனால் எலி மேக்ரோஃபேஜ் மேல் விட்டபோது, அழுக்கான தயாரிப்பு மட்டும் அலாரம் அடித்தது. சுத்தமானதை ஐந்து மடங்கு கொடுத்தும் சத்தமே இல்லை.

அதோடு விடவில்லை. அழுக்கான தயாரிப்பிலிருந்து எல்.பி.எஸ்.ஸை மட்டும் நீக்கினார்கள், அலாரம் நின்றது. சுத்தமானதில் அதே அளவு எல்.பி.எஸ்.ஸைச் சேர்த்தார்கள், அலாரம் திரும்பி வந்தது. கொதிக்க வைக்கும் கன்ட்ரோல் என்ன ஆச்சு? இவ்வளவு குறைந்த அளவில் இருக்கும்போது வெறும் எல்.பி.எஸ்.ஸே கொதிக்க வைத்தால் வலுவிழந்து போகிறது. எல்லாரும் சாய்ந்து நின்ற சுவர் அட்டைச் சுவர் என்று தெரிந்தது.

எச்.எஸ்.பி. பற்றிய விவாதம் அன்றோடு முடியவில்லை, தொடர்ந்து நடந்தது. ஆனால் எண்டோடாக்சின் அளவைக் காட்டாமல் 'இந்தப் புரதம் செல்லைத் தூண்டுகிறது' என்று சொல்வது அதற்குப் பிறகு கஷ்டமாகிவிட்டது.

அக்கா இந்தப் பேப்பரை எப்படிப் பிடித்தாள்? லேபில் ஒரு ஜூனியர், மதியச் சாப்பாட்டின்போது சாதாரணமாகக் கேட்டாளாம்: "அக்கா, பழைய லாட்ல எண்டோடாக்சின் எவ்வளவு?" தேடிப் படித்த அன்றைக்கே கம்பெனியின் வெப்சைட்டுக்குப் போய் இரண்டு லாட்டின் சான்றிதழையும் இறக்கினாள். பழைய லாட், ஒரு மைக்ரோகிராமுக்கு 0.7 எண்டோடாக்சின் யூனிட். புது லாட், 0.01க்கும் கீழே. கேட்டலாக்கில் வாக்குறுதி ஒன்றுக்குக் கீழ். இரண்டுமே பாஸ்.

கணக்கைப் பாருங்க. ஒரு யூனிட் என்பது சுமாராக 100 பிக்கோகிராம் எல்.பி.எஸ். 0.7 என்றால் 70 பிக்கோகிராம். அக்கா ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் புரதம் விட்டாள். ஆக அவளுடைய செல்கள் 70 பிக்கோகிராம் எல்.பி.எஸ்.ஸில் குளித்தன. அலாரம் அடிக்க அதுவே போதும். கம்பெனி சொன்ன எல்லைக்குள்தான் இருந்தது. மற்ற பல சோதனைகளுக்கு அந்த எல்லை தாராளமாகப் போதும், இந்தச் சோதனைக்குப் போதாது.

அதன் பிறகு தேவைப்பட்டது ஒரே வாரம். ஃபிரீசரின் மூலையில் பழைய லாட் கொஞ்சம் மிச்சம் இருந்தது. எல்.பி.எஸ்.ஸைக் கட்டிப்போடும் பாலிமிக்சின் பி என்ற மருந்தை அதோடு சேர்த்துச் செல்கள் மேல் விட்டாள். டி.என்.எஃப். காணோம். புது லாட்டில் 70 பிக்கோகிராம் எல்.பி.எஸ். சேர்த்தாள். டி.என்.எஃப். வந்தது. அவ்வளவுதான். கெட்டுப்போனது என்று ஏழு மாசம் திட்டு வாங்கிய ட்யூப்தான் நல்ல ட்யூப்.

கோடிங்குக்கு வந்துட்டேன். நான் தேடிய அந்த மூணு வார பக் இதே ஜாதிதான். என் டெஸ்ட் எல்லாம் பச்சை. புது மெஷினில் போட்டால் சிவப்பு. புது மெஷினைத்தான் நோண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், என் பழைய மெஷினின் டேட்டாபேஸில் எப்போதோ விட்டுவைத்த ஒரு வரியால்தான் டெஸ்ட் பாஸ் ஆகிக்கொண்டிருந்தது. என் கோட் வேலையே செய்யவில்லை. வித்தியாசம் என்னன்னா, நான் ஒரு கமிட் போட்டு அன்றைக்கே தூங்கப் போனேன். அக்காவுக்கு நாலாவது வருஷம் நடக்குது, ஃபெலோஷிப் முடிய ஒரு வருஷம்தான் இருக்கு.

எண்டோடாக்சினை எப்படி அளக்கிறார்கள் என்பதையும் சொல்லணும், ஏனென்றால் அது எனக்குப் பிடித்த பகுதி. குதிரை லாட நண்டு என்று ஒரு கடல் உயிரினம், நீல நிற ரத்தம். எண்டோடாக்சின் பட்டால் அந்த ரத்த செல்களின் சாறு உறைந்துவிடும். ஃபிரெடரிக் பாங், ஜாக் லெவின் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதனையாக்கினார்கள். ஊசி மருந்துகளைப் பல பத்தாண்டுகளாக இப்படித்தான் சோதிக்கிறார்கள், அதற்காக நண்டுகளைப் பிடித்து ரத்தம் எடுக்கிறார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டிங் ஜியாக் லிங், ஹோ பாவ் இருவரும் அந்த ரத்தத்தில் எண்டோடாக்சினை உணரும் புரதத்தின் ஜீனைப் பிரித்தெடுத்து, நண்டு இல்லாமலே செய்யும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அதாவது, ரீகாம்பினன்ட் புரதத்தில் அழுக்கு இருக்கா என்று பார்க்க இன்னொரு ரீகாம்பினன்ட் புரதம்.

லேபில் இருக்கிறவங்க யாராவது கேட்டுக்கிட்டிருந்தா, அக்கா சொல்லச் சொன்ன மூணு விஷயம். ஒன்று, கேட்டலாக் எல்லையைப் பார்க்காதீங்க, உங்க லாட்டின் சான்றிதழைப் பாருங்க, உங்க டோஸோடு பெருக்கிப் பாருங்க. இரண்டு, அதே அளவு எல்.பி.எஸ். மட்டும் விட்ட ஒரு கிணற்றைப் பிளேட்டில் எப்பவும் வையுங்க. மூணு, முடிந்தால் அதே புரதத்தைப் பாலூட்டி செல்லில் செய்த இன்னொரு தயாரிப்பிலும் பாருங்க. அதில் பாக்டீரியாத் தோல் கிடையாது. ஆனா தண்ணி வழியா, பாத்திரம் வழியா எண்டோடாக்சின் அதிலும் வரலாம், அதனால அதையும் அளக்கணும்.

இந்த எபிசோடுக்காக அவளிடம் திரும்பப் பேசினேன். "கைடுகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். கிராஃபை வச்சேன். மேடம் ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், அப்ஸ்ட்ராக்ட்டை வாபஸ் வாங்கிடு, நானே அவங்களுக்கு மெயில் போடறேன்னாங்க."

"திட்டலையா?"

"இல்லடா. ஜூனியர் பேரு கேட்டாங்க. அவளைக் கூப்பிட்டு காபி வாங்கிக் கொடுத்தாங்க."

எனக்கு ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. கேட்டுவிட்டேன். "அந்த முதல் லாட்டையே மொத்தமா வாங்கி வச்சிருந்தா? ரெண்டாவது லாட் வராமலே போயிருந்தா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பின்னால் லேபில் ஏதோ மெஷின் சுற்றும் சத்தம் மட்டும்.

"அப்போ என் தீசிஸ்ல ஒரு சாப்டர் இருந்திருக்கும்" என்றாள். "நல்ல சாப்டர். எல்லாரும் பாராட்டியிருப்பாங்க. எனக்கும் சந்தேகமே வந்திருக்காது."

அப்புறம், செல்லுக்குச் சாப்பாடு மாத்தணும், வைக்கிறேன் என்று வைத்துவிட்டாள். இப்போது அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறாள். இந்த முறை கேள்வி வேறு, அவள் ஃபிரீசரில் இருக்கும் ட்யூப் சுத்தமானது.

இந்த எபிசோடை ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி, நான் என் ஆபீஸ் டெஸ்ட் எல்லாத்தையும் ஒரு காலி மெஷினில் ஓட்டிப் பார்த்தேன். மூணு சிவப்பு. திங்கட்கிழமை வேலை இருக்கு.

உங்க வேலையிலும், ரொம்ப நாளா சந்தேகமே படாத ஒரு பச்சை டிக் இருக்கும். எதுன்னு யோசிச்சுப் பாருங்க, முடிஞ்சா எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.